எடைத்தட்டில் சிவப்பும் நீலமும்

எனக்குப் பந்து விளையாட்டு தெரியாது. ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று கேட்டால் இன்றைக்கும் விழிப்பேன். ஆனால் இங்கிலாந்தில் ஒரே ஊரில் இரண்டு கிளப் இருக்கின்றன, ஒன்றுக்குச் சிவப்புச் சட்டை, மற்றதற்கு நீலச் சட்டை, அந்த இரண்டு பக்கத்து ஆட்களும் ஒருவரை ஒருவர் சும்மா விடமாட்டார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். நான் அந்த ஊருக்குப் போனதில்லை. அந்தச் சண்டையைப் போட்ட இருவரும் போனதில்லை. மலேசியாவில், ஜொகூர் பாருவுக்குப் பக்கத்து உலு திராமில், ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருந்த டயாலிசிஸ் நிலையத்தில்தான் அது நடந்தது.

அந்த நிலையம் இப்போது புதுக் கட்டடத்துக்கு மாறிவிட்டது. திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒவ்வொரு நாற்காலிக்கும் தனித்தனியாக ஒரு சின்ன டிவி, காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி. நோயாளிகள் எல்லாரும் அவரவர் படத்தைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்தார்கள். அங்கே வேலை செய்யும் கவிதா என்ற தாதி கேட்டாள்: "ஆண்ட்டி, நீங்க இருந்தப்ப டிவியே இல்லையாமே? நாலு மணி நேரம் எப்பிடி ஓட்டுனாங்க?" கூட்டத்தில் எனக்கு வாய் வராது. சிரித்துவிட்டு வந்துவிட்டேன். விழா மலருக்காக எழுதித் தரும்படி அவள் மறுபடியும் கேட்டதால் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை அல்லவா?

நான் படித்தது தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை. கோத்தா திங்கி பக்கத்துத் தோட்டம். கல்யாணம் ஆகி கூலாய்க்கு வந்து, சீனாய் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை பார்த்தேன். தொழிற்சாலை மூடியதும் கோயிலில் பழக்கமான ஒருவர் சொல்லி இந்த நிலையத்தில் சேர்ந்தேன். வேலை பழகியதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தரை துடைப்பது, படுக்கும் நாற்காலியை மருந்துத் தண்ணீர் போட்டுத் துடைப்பது, போர்வை மாற்றுவது, மருந்துக் கேன்களைத் தூக்கி வந்து மெஷின் காலடியில் வைப்பது, பாதி நேரத்தில் பிஸ்கட்டும் ஐஸும் கொடுப்பது. ரத்தத்தைப் பார்த்து முதல் வாரம் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு பழகிவிட்டது.

இன்னொரு வேலையும் எனக்குக் கொடுத்திருந்தார்கள். எடைத்தட்டுக்குப் பக்கத்தில் நிற்பது. சிறுநீரகம் கெட்டவர்களுக்குக் குடிக்கும் தண்ணீர் வெளியே போகாது. உடம்பிலேயே தங்கிவிடும். அதனால் வந்ததும் எடை பார்க்க வேண்டும். போன தடவை வீட்டுக்குப் போகும்போது இருந்த எடையைவிட எவ்வளவு கூடியிருக்கிறதோ அவ்வளவும் தண்ணீர். அந்த அளவை வைத்துத்தான் மெஷினில் எவ்வளவு எடுப்பது என்று முடிவு செய்வார்கள். செருப்பைக் கழற்ற வேண்டும். சட்டைப்பையில் இருக்கும் சாவி, கைப்பேசி எல்லாம் என் தட்டில் வைக்க வேண்டும். மூச்சு விட்டு நிமிர்ந்து நிற்க வேண்டும். எடை தவறினால் எடுக்கும் தண்ணீரும் தவறிவிடும்.

பொறுப்பாளர் சிஸ்டர் ரஞ்சிதம். பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். குரலை உயர்த்தியதே இல்லை. நோயாளியின் தலைமாட்டில் நின்று பேசமாட்டார், கால்மாட்டில் போய் நிற்பார். படுத்திருப்பவர் கழுத்தைத் திருப்பாமல் தன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பார். எடையை யாருடைய காதிலும் விழும்படி சொல்லக் கூடாது. நான் அவர் பக்கத்தில் போய் மெல்லச் சொல்வேன். அதிகமாக இருந்தால் திட்டமாட்டார். பேனாவின் பின்பக்கத்தால் எடை குறிக்கும் அட்டையில் ஒரு தட்டுத் தட்டுவார், அவ்வளவுதான். அந்தத் தட்டலுக்கே பெரிய பெரிய ஆம்பிளைகள் தலை குனிந்து நிற்பார்கள்.

அவரிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. மெஷினில் இருக்கும்போது யாருக்கும் கெட்ட செய்தி சொல்லக் கூடாது. "ரத்தம் உடம்புக்கு வெளியில ஓடிக்கொண்டிருக்கு, லெட்சுமி. அந்த நேரத்தில நெஞ்சில ஒண்டையும் போடாதேயும்," என்பார். நான் வாய் திறப்பதே அபூர்வம். அதனால் இந்தக் கட்டளை எனக்குச் சுமையாகத் தெரிந்ததில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர.

திங்கள், புதன், வெள்ளி காலையில் வருபவர்களில் ஜோசப் என்பவர் இருந்தார். சீனாயில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒல்லியான மனிதர். நீலக் கட்சி. அவருக்குப் பக்கத்து நாற்காலி ரொம்ப நாள் காலியாகக் கிடந்தது. அதற்கு மாணிக்கம் அண்ணன் வந்தார். செம்பனைத் தோட்டங்களில் லாரி ஓட்டியவர், பெரிய உடம்பு. மனைவி இல்லை. ஒரே மகள் தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தாள்.

மாணிக்கம் அண்ணன் முதல் சில வாரம் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே படுத்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை ஊசி போட வந்த தாதியிடம், "இன்னியோட சரி மிஸ்ஸி. இனிமே நான் வரல. மககிட்டயும் சொல்லிட்டேன்," என்றார். வராவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். சிஸ்டர் கால்மாட்டில் வந்து நின்றார். அவர் பேச ஆரம்பிப்பதற்குள் பக்கத்து நாற்காலியில் இருந்து குரல் வந்தது.

"யோவ், உன் சாவிக்கொத்துல தொங்குறது சிவப்புதானே?"

மாணிக்கம் அண்ணன் திரும்பவில்லை. "ஆமா. அதுக்கு என்ன இப்ப?"

"இல்ல, இன்னிக்கு நீ போயிட்டா ஞாயித்துக்கிழம உன் டீம் தோக்குறத யாரு பாக்குறது? இருந்து பாத்துட்டுப் போலாம்லா."

அப்போதுதான் அந்த மனிதர் முதல் தடவையாகச் சுவரை விட்டுத் திரும்பினார். "எவன் சொன்னான் தோக்கும்னு?"

"நான் சொல்றேன். நீலம்."

"நீலமா! அலமாக், இந்த எடத்துல போயி என்னைய படுக்க வச்சிருக்காங்க பாரு. சிஸ்டர், எனக்கு வேற நாற்காலி குடுங்க!"

"வேற நாற்காலி இல்லை," என்றார் சிஸ்டர். அட்டையில் எதையோ எழுதுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்.

திங்கட்கிழமை மாணிக்கம் அண்ணன் வந்தார். சிவப்பு ஜெயித்திருந்தது. வாசலிலேயே, "எங்க அந்த நீலம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு எங்களுக்கு டிவி எதற்கு? மாணிக்கம் அண்ணன் சொல்வார்: "எங்க கிளப்புல கப்பு வைக்க எடம் இல்ல. உங்க அலமாரில கரப்பான்பூச்சி குடும்பம் நடத்துதாம்." ஜோசப் சொல்வார்: "எல்லாம் பழைய கப்பு. உங்க தாத்தா தின்ன பிரியாணிக்கு நீ இன்னும் ஏப்பம் விட்டுக்கிட்டு இருக்க. புதுசு வேணும்னா பாசார் மாலாம்ல, ராத்திரிச் சந்தையில விக்கிறான், போய் வாங்கிக்க." ஒருநாள் மாணிக்கம் அண்ணன், "உண்மையச் சொல்லு, பணக்காரன் வந்து கிளப்ப வாங்குன பிறகுதானே நீ நீலம் ஆன?" என்று கேட்டார். தாதி அப்போது ஜோசப்பின் கையில் பெரிய ஊசியை ஏற்றிக்கொண்டிருந்தாள். ஏற்றி முடித்ததும் சொன்னார்: "தோத்துக்கிட்டே இருந்த காலத்துலேயே நான் நீலம். அதனாலதான் இந்த ஊசி எனக்கு வலிக்க மாட்டேங்குது."

மாணிக்கம் அண்ணன் தன் பங்கு ஐஸில் இரண்டு கட்டியை எடுத்து ஜோசப்பின் கிண்ணத்தில் போடச் சொன்னார். தாகத்தோடு இருக்கும் மனிதர்களுக்கு ஐஸ் எவ்வளவு பெரிய விஷயம் என்று நிலையத்தில் வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். சிஸ்டர் பார்த்துவிட்டு, "வேண்டாம், அவரவர் பங்கு அவரவருக்குத்தான்," என்று திருப்பிப் போட வைத்தார்.

ஒரு தீபாவளி முடிந்து மாணிக்கம் அண்ணன் எடைத்தட்டில் ஏறினார். பக்கத்தில் வயதானவர்கள் தடுமாறாமல் இருக்க ஒரு கைப்பிடிக் கம்பி உண்டு. அதில் கையை ஊன்றி லேசாக அழுத்தினால் எடை குறைத்துக் காட்டும். விருந்தில் குடித்ததை மறைக்க அவர் அப்படிச் செய்திருக்கிறார். உடம்பு மறைத்துவிட்டது, யாருக்கும் தெரியவில்லை. குறைத்துக் காட்டிய எடைக்கு மெஷினும் குறைவாகத்தான் தண்ணீர் எடுத்தது. மறுநாள் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டி, ஆம்புலன்ஸில் ஜொகூர் பாருவுக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்து வந்தார்.

திரும்பி வந்த அன்று எல்லாரும் நலம் விசாரித்தார்கள். ஜோசப் விசாரிக்கவில்லை. தன் நாற்காலிக்கும் போகவில்லை. எடைத்தட்டுக்கு எதிரில் இருந்த பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டார். மாணிக்கம் அண்ணன் தட்டில் ஏறினார். பழக்கத்தில் கை கம்பியைத் தேடிப் போனது.

"ஹேண்ட்பால்!"

ஜோசப் போட்ட சத்தத்தில் கூடமே அதிர்ந்தது. ஆட்டத்தில் பந்தைக் கையால் தொட்டுவிட்டால் அப்படித்தான் கத்துவார்களாம். ஊசி ஏற்றிக்கொண்டிருந்த தாதி நிமிர்ந்து பார்த்தாள். மாணிக்கம் அண்ணன் சுட்டுவிட்டதுபோல் கையை எடுத்தார்.

"உங்க டீம் கோல் போடுறதே அப்பிடித்தான். இங்கயும் ஆரம்பிச்சிட்டியா? எடு கைய!"

படுத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாணிக்கம் அண்ணனும் சிரித்தார், ஆனால் கண் நிறைந்திருந்தது. நான் சிஸ்டரைப் பார்த்தேன். கதவு சாத்தும் சத்தத்துக்கே முகம் சுளிப்பவர். ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்த ஒரு கூச்சலுக்கு மட்டும் எங்கள் நிலையத்தில் அனுமதி இருந்தது. ஜோசப் ஒவ்வொரு முறையும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து மாணிக்கம் அண்ணன் எடை பார்த்து முடிக்கும் வரை காவல் இருப்பார். அவர் ஏறும்போது மாணிக்கம் அண்ணன் காவல். வேறு நோயாளிகள் கம்பியைத் தொட்டாலும் இருவரும் சேர்ந்து கத்துவார்கள். கையை எடுங்கள் என்று பெரியவர்களிடம் சொல்ல எனக்குக் கூச்சம். அந்த வேலையை அவர்கள் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டார்கள்.

இனி அந்தத் திங்கட்கிழமையைச் சொல்கிறேன்.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை இருவரும் ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார்கள். சனிக்கிழமை சிவப்பும் நீலமும் மோதும் ஆட்டம். பைகளை மாற்றிக்கொண்டார்கள். ஒன்றில் சிவப்பு ஜெர்சி, ஒன்றில் நீல ஜெர்சி. தோற்றவர் திங்கட்கிழமை எதிரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று பேச்சு.

"என் சட்டைய நல்லா தொவச்சி வச்சிருக்கேன், ஜோசப்பு. ஒனக்குத் தொளதொளன்னு இருக்கும், பரவால்ல, மூக்கப் பிடிச்சிக்காம போட்டுக்க."

"என் சட்ட ஒனக்கு வயித்துல ஏறாது. தண்ணிய கொறச்சாத்தான் ஏறும். அதுக்காகவாவது கொறச்சிக் குடி."

நீலம் ஜெயித்தது.

திங்கட்கிழமை காலையில் நான் கதவைத் திறந்தபோது சிஸ்டர் முன்னதாகவே வந்து உள்ளே நின்றார். விளக்கைக்கூடப் போடவில்லை. "ஜோசப் போயிட்டார், லெட்சுமி," என்றார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். வீட்டம்மா போன் செய்திருந்தார். அடக்கம் அன்று சாயங்காலம், கூலாயில். "மாணிக்கத்துக்கு இன்னும் தெரியாது. மெஷின் முடியட்டும். நான் சொல்லுறன். நீர் ஒண்டும் சொல்ல வேண்டாம்."

மாணிக்கம் அண்ணன் நீல ஜெர்சியில் வந்தார். தொப்பையில் இழுத்துப் பிடித்திருந்தது. எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்பதுபோல் கைகளை விரித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்தார். "பாத்துக்குங்க, பாத்துக்குங்க. இன்னிக்கு ஒரு நாள்தான். எங்க அவன்? ஜெயிச்சவன் மொத ஆளா வந்து ஒக்காந்திருக்க வேணாமா?"

பெஞ்ச் காலியாக இருந்தது. என்னைப் பார்த்தார். "ஜோசப் எங்க, தங்கச்சி?"

"வரல அண்ணே," என்றேன். பொய் இல்லை. ஆனால் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

எடைத்தட்டில் ஏறினார். அன்று கம்பிப் பக்கம் கை போகவே இல்லை. தண்ணீரும் அளவோடுதான் கூடியிருந்தது. சொன்னதுபோலவே சட்டைக்காகக் குறைத்துக் குடித்திருக்கிறார். நான் சிஸ்டரிடம் போய் எடையைச் சொன்னேன். அவர் அட்டையில் தட்டவில்லை.

ஊசி ஏற்றி மெஷினை ஓட விட்டார்கள். மாணிக்கம் அண்ணன் பக்கத்து நாற்காலியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "வெக்கப்பட்டுட்டான். ஒரு கோல்ல ஜெயிச்சதுக்கு மொகத்தக் காட்ட வெக்கம். அந்த கோலு ஆப்சைட்டு, செல்லாத கோலு, அது அவனுக்கே தெரியும்." கொஞ்ச நேரம் கழித்து, "புதன்கிழம வரட்டும், நான் திரும்பப் போட்டுட்டு வரமாட்டேன், ஒரு நாள் பேச்சு ஒரு நாள்தான்," என்றார். எதிர் வரிசையில் இருந்தவர்களுக்கு ஏற்கெனவே செய்தி தெரியும். யாரும் சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. நான் ஐஸ் கொண்டுபோனேன். கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் என்னையே பார்த்தார். நான் போர்வையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். தாதி அடிக்கடி வந்து ரத்த அழுத்தம் பார்த்தாள். ஒருமுறை இறங்கியது. சிஸ்டர் கால்மாட்டில் வந்து நின்று காலை உயர்த்தி வைக்கச் சொன்னார். ஏறிவிட்டது. மாணிக்கம் அண்ணன் மறுபடியும் அந்த ஆப்சைட் கோலைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

மெஷின் நின்று, ஊசி எடுத்து, கட்டுப் போட்டு, ரத்தம் கசியவில்லை என்று பார்த்த பிறகுதான் சிஸ்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். நோயாளியின் முன்னால் சிஸ்டர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"மாணிக்கம்..."

"தெரியும் சிஸ்டர்."

"ஆர் சொன்னது?"

"யாரும் சொல்லல. அவன் மெஷின்ல தண்ணி ஓடல."

நாங்கள் மூவரும் அந்த மெஷினைப் பார்த்தோம். நோயாளி தாமதமாக வந்தாலும் குழாய்களை மாட்டி, உப்புத் தண்ணீர் ஓடவிட்டுத் தயாராக வைத்திருப்பார்கள். ஜோசப்பின் மெஷினில் குழாயே இல்லை. துடைத்து, துணி மூடி நின்றது. உள்ளே நுழைந்ததுமே அவர் கண்ணில் அது பட்டிருக்கிறது.

"பிறகு ஏன் அவ்வளவு நேரமும் கதைச்சுக்கொண்டிருந்தீர்?"

"நான் நிறுத்தியிருந்தா நீங்க எல்லாம் என்ன செஞ்சிருப்பீங்க? இந்தத் தங்கச்சி அப்பவே அழுதிருக்கும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அடக்கம் எத்தன மணிக்கு? இந்தச் சட்டையோடயே போறேன். தோத்தவன் போட்டுக்கிட்டு வந்து நிக்கணும்னுதான் பேச்சு. அவன் பாக்க வேணாமா?"

மகள் வேலைக்கு நடுவில் கிளம்பி வந்து அழைத்துப் போனாள். நானும் போனேன். கறுப்பும் வெள்ளையுமாக நின்ற கூட்டத்தில் வயிற்றை இழுத்துப் பிடிக்கும் நீல ஜெர்சியோடு ஒரு பெரிய மனிதர் பெட்டிக்கு அருகில் நின்றார். ஜோசப்பின் வீட்டம்மா அவரைப் பார்த்ததும் முதல் தடவையாகச் சத்தமாக அழுதார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். திரும்பும்போது மகள் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஆண்ட்டி, புதன்கிழம வருவாருன்னு நம்பறீங்களா? வீட்ல கேட்டா பதிலே சொல்ல மாட்டேங்குறாரு," என்றாள்.

புதன்கிழமை அவருடைய நேரத்துக்கு அவர் வரவில்லை. அவர் மெஷினில் குழாய் மாட்டி உப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சிஸ்டர் இரண்டு தடவை மெஷினுக்கு அருகில் போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தார். நான் துடைத்த தரையையே மறுபடியும் துடைத்தேன்.

வந்தார். சிவப்புச் சட்டை. முகம் வீங்கியிருந்தது, கணுக்காலும் வீங்கியிருந்தது. இரண்டு நாளும் அளவு பார்க்காமல் தண்ணீர் குடித்திருக்கிறார் என்று பார்த்தவுடன் தெரிந்தது. யாரையும் பார்க்காமல் செருப்பைக் கழற்றினார். சாவிக்கொத்தை என் தட்டில் வைத்தார். எடைத்தட்டில் ஏறினார். கை மெல்லப் போய்க் கம்பியில் ஊன்றியது.

எதிரில் பெஞ்ச் காலி. சிஸ்டர் தூரத்தில் அட்டையோடு நின்றார், அங்கிருந்து அவருக்குக் கை தெரியாது. எனக்குத் தெரிந்தது. கம்பியை அவர் மறைக்கக்கூட இல்லை. பிடித்துக்கொண்டு அந்தப் பெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார்.

என் கல்யாணத்தில்கூட என் குரலை யாரும் கேட்டதில்லை என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"ஹேண்ட்பால்!"

சாவிக்கொத்து தட்டில் இருந்து விழுந்தது. எல்லாரும் திரும்பினார்கள். மாணிக்கம் அண்ணன் என்னைப் பார்த்தார்.

"நீ எப்ப, தங்கச்சி, நீலம் ஆன?" என்றார்.

கையை எடுத்தார். எண் ஏறி நின்றது. நான் சிஸ்டரிடம் போய் அதை மெல்லச் சொன்னேன்.

சிஸ்டர் பேனாவைத் திருப்பி அட்டையில் ஒரு தட்டுத் தட்டினார்.